கண்ணுக்குத் தெரியுது, கைக்கு வரலை!

கோபிசெட்டிபாளையம் பக்கம் போனால், பச்சை வயலையும் கொடிவேரி அணையையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஒருநாள் மஞ்சள் ஏலத்தை எட்டிப் பாருங்கள். மூட்டையின் வாயைத் திறந்ததும் விலை சொல்லிவிடுகிற வியாபாரியை நீங்கள் அங்கே பார்க்கவே முடியாது. ஒரு விரலி மஞ்சளை எடுத்துப் படக்கென்று ஒடிப்பார். உள்ளே நிறம் எப்படி, நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். மூக்கருகில் கொண்டுபோவார். அதற்குப் பிறகுதான் விலை. அரிசி மண்டியிலும் அப்படித்தான். மூட்டையில் குத்தூசியைச் செருகி நாலு அரிசியை உள்ளங்கையில் கொட்டிப் பார்க்காமல் யாரும் சரக்கு எடுக்க மாட்டார்கள்.

இந்த மஞ்சள் வியாபாரத்தில் இருபத்தைந்து வருஷம் ஓட்டியவன் என் நண்பன். என்னோடு பி.காம். படித்தவன். நான் டெபிட் கிரெடிட்டை மறந்துவிட்டுப் பேனா பிடிக்க வந்தேன். அவன் மறக்காமல் மண்டி வைத்தான். போன மாதம் கோபி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரியில் உட்கார்ந்திருந்தோம். டீ ஆறிப்போனதைக்கூட கவனிக்காமல் செல்போனை என் பக்கம் திருப்பினான்.

“இங்க பாரு மாப்ளே. நாலு லட்சத்து முப்பதாயிரம். நிக்குது பாரு. கண்ணுக்குத் தெரியுது, கைக்கு வரமாட்டேங்குது. எந்த பேங்க்ல போய் யாரைக் கேக்கறது, சொல்லு.”

நடந்தது இதுதான். அவன் மகன் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ‘டெதர்’ என்கிற டாலர் காயினாக ஒரு வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சில் வைத்திருந்தான். தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. நகைக்கடைக்குப் பாக்கி கட்ட வேண்டும். காயினை இந்திய எக்ஸ்சேஞ்ச் ஒன்றுக்கு மாற்றி, விற்று, ரூபாயாக்கலாம் என்று நினைத்தான். அனுப்பும்போது ‘எந்த நெட்வொர்க்?’ என்று ஒரு பட்டியல் வந்தது. ஒன்றில் கட்டணம் அதிகம், இன்னொன்றில் கம்மி. மஞ்சள் வியாபாரி மகன் இல்லையா, கம்மியானதைத் தொட்டான். மிச்சமானது ஏறக்குறைய முந்நூறு ரூபாய். ‘வெற்றிகரமாக அனுப்பப்பட்டது’ என்று பச்சை டிக்கும் வந்தது.

பணம்தான் வரவில்லை. கேட்டால் இ-மெயிலில் இரண்டே வரி: அந்த நெட்வொர்க்கில் வரும் காயினை நாங்கள் ஏற்பதில்லை, தவறான நெட்வொர்க்கில் அனுப்பியதற்கு நாங்கள் பொறுப்பல்ல.

அந்தப் பையனிடமும் போனில் பேசினேன். “எல்லாரும் என்னையே திட்டறாங்க மாமா. நானும் அட்ரஸை மூணு தடவை பாத்துட்டுத்தானுங்க அனுப்பினேன்” என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. அட்ரஸ் சரிதான். அதுதான் கொடுமை.

*

உடனே நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். “கிரிப்டோவா? அது சூதாட்டம் சார். பேராசைப்பட்டான், நல்லா வேணும்.”

கொஞ்சம் பொறுங்கள். கொங்கு நாட்டுக்காரர்கள் பேராசையில் பணத்தை விட்ட கதையெல்லாம் எனக்கும் தெரியும். 2009-ல் திருப்பூரில் பாசி என்ற அன்னியச் செலாவணி நிறுவனம் கவிழ்ந்தது. 2012-ல் பெருந்துறையில் ஈமு கோழி காலை வாரியது. ஆனால் அங்கெல்லாம் ஏமாற்றியவன் என்று ஒருவன் இருந்தான். அவனுக்கு ஆபீஸ் இருந்தது, பெயர்ப் பலகை இருந்தது. முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று 1997-ல் போட்ட தமிழ்நாட்டுச் சட்டம் இருந்தது. அதற்கென்று கோவையில் தனி நீதிமன்றமும் இருந்தது. பாசி வழக்கில் தாமதமாகத்தான் என்றாலும், 2022-ல் இருவருக்கு 27 ஆண்டு சிறை கிடைத்தது.

என் நண்பன் மகன் வழக்கில் யாரைப் பிடிப்பீர்கள்? இரட்டிப்பாகும் என்று யாரும் ஆசை காட்டவில்லை. யாரும் திருடவில்லை. தன் பணத்தைத் தன் பெயரில் இருக்கும் இன்னொரு கணக்குக்குத்தான் மாற்றினான். திருடனே இல்லாத திருட்டு இது. ‘பேராசை’ என்று ஒரே வார்த்தையில் மூடிவிட்டால் நிஜக் குற்றவாளி சௌகரியமாகத் தப்பிக்கிறார்.

நிஜக் குற்றவாளி யார்? சொல்கிறேன். அதற்கு முன்னால் என் சொந்தக் கதை ஒன்று.

பல வருஷத்துக்கு முன்னால் வீட்டு வாடகையை நெட் பேங்கிங்கில் அனுப்பினேன். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறிப்போனது. பதினெட்டாயிரம் ரூபாய் யாரோ ஒரு புண்ணியவான் கணக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. பெயரைச் சரியாகத்தானே போட்டிருந்தேன் என்று பேங்கில் சண்டை போட்டேன். அப்போதுதான் தெரிந்தது: பெயரை அவர்கள் பார்ப்பதே இல்லை! கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010 அக்டோபரிலேயே அனுமதி கொடுத்திருக்கிறது. ‘பெயர்’ என்று ஒரு கட்டம் வைத்து நம்மை டைப் அடிக்க வைத்ததெல்லாம் சும்மா ஓர் ஆறுதலுக்குத்தான்!

நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். இரண்டிலும், அனுப்புவதற்கு முன்பே எதிர்க் கணக்குக்காரரின் பெயரைக் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது 2024 டிசம்பர் கடைசியில். 2025 ஏப்ரல் 1-க்குள் எல்லா வங்கிகளும் செய்ய வேண்டும் என்று கெடு. ஒரு பெயரைத் திரையில் காட்டுவதற்குப் பதினாலு வருஷம்!

ஆனாலும் என் பதினெட்டாயிரம் திரும்பி வந்தது. மூன்று வாரம் நடந்தேன். மேனேஜர் அந்த இன்னொரு கிளைக்கு எழுதினார். அவர்கள் அந்த மனிதரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். முகம் தெரியாத அவர் ‘சரி’ என்றார். ஆக, என் தப்புக்கும் என் நஷ்டத்துக்கும் நடுவில் நாலு மனிதர்கள் இருந்தார்கள். அந்த நாலு பேரில் ஒருவர் மனம் வைத்தாலும் ஏதாவது நடக்கும்.

வங்கியே தப்பு செய்தால் கதையின் வேகமே வேறு. 2023 செப்டம்பரில் சென்னையில் ஒரு டாக்சி டிரைவருக்கு எஸ்.எம்.எஸ். வந்தது: உங்கள் கணக்கில் 9,000 கோடி ரூபாய் வரவு. நம்பாமல், நண்பருக்கு 21,000 ரூபாய் அனுப்பிப் பார்த்தார். போனது! தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க் விழித்துக்கொண்டு மீதி மொத்தத்தையும் கொஞ்ச நேரத்தில் உருவிக்கொண்டது. அதே வருஷம் நவம்பரில் யூகோ பேங்கில் 820 கோடி ரூபாய் தவறாகப் பல ஆயிரம் கணக்குகளில் வரவானது. சில நாட்களிலேயே 649 கோடியைத் திரும்ப எடுத்துவிட்டதாக வங்கி அறிவித்தது.

பாருங்கள், வங்கி என்கிற வண்டிக்கு ரிவர்ஸ் கியர் இருக்கிறது. நமக்காகப் போடும்போது மட்டும் கொஞ்சம் கிறீச்சிடும். அவ்வளவுதான்.

*

கிரிப்டோ வண்டிக்கு ரிவர்ஸ் கியரே கிடையாது. அதை ஒரு பெருமையாகவே சொல்லித்தான் விற்றார்கள். “நடுவில் ஆள் இல்லை, பேங்க் இல்லை, சர்க்கார் இல்லை, உங்கள் பணத்துக்கு நீங்களே ராஜா!” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடுவில் இருக்கும் அந்த ஆள்தானே நம் தப்பைத் திருத்துகிறவர்? அவரைத் துரத்திவிட்டு ‘கட்டணம் மிச்சம்’ என்று சொன்னால், அந்த மிச்சத்தின் விலை நம் கட்டைவிரலில் வந்து நிற்கிறது. ஒரே ஒரு தட்டு. போனால் போனதுதான்.

இதைவிட எரிச்சல் மூட்டும் விஷயம் ஒன்று உண்டு. கிரிப்டோ கம்பெனிகள் தப்பு செய்யும்போது அவர்கள் இந்த வேதாந்தம் பேசுவதில்லை. 2021 மே மாதம் கிரிப்டோ டாட் காம் நிறுவனம் மெல்பர்னில் ஒரு வாடிக்கையாளருக்கு 100 ஆஸ்திரேலிய டாலர் திருப்பித் தர வேண்டியிருந்தது. தொகை போட வேண்டிய கட்டத்தில் யாரோ கணக்கு எண்ணைப் போட்டுவிட்டார்கள். போனது ஒரு கோடி டாலருக்கும் மேல்! ஏழு மாதம் கழித்து ஆடிட்டில்தான் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்ததும் என்ன செய்தார்கள்? ‘அனுப்பியது அனுப்பியதுதான்’ என்று சும்மா இருந்தார்களா? விக்டோரியா மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். கணக்கை முடக்கினார்கள். அந்தப் பணத்தில் வாங்கிய வீட்டை விற்றுத் திருப்பித் தர உத்தரவு வாங்கினார்கள்.

எனக்கு அதில் ஆட்சேபணையே இல்லை. அவர்கள் பணம், கேட்டு வாங்கினார்கள். கம்பெனி செய்தால் ‘பிழை’, திருத்திக்கொள்ளலாம். கோபிக்காரப் பையன் செய்தால் ‘உங்கள் பொறுப்பு’, போய் வாருங்கள். இந்த இரட்டைக் கணக்கைத்தான் கேட்கிறேன்.

“சார், இது டெக்னாலஜி. முடிந்தால் செய்ய மாட்டோமா?” என்பார்கள். இங்கேதான் நீங்கள் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும்.

எத்தீரியம், பி.என்.பி. ஸ்மார்ட் செயின், பாலிகன் என்று பல நெட்வொர்க்குகள் இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் அட்ரஸ் ஒரே மாதிரிதான்: பூஜ்யம், எக்ஸ் என்று ஆரம்பித்து 42 எழுத்து. ஒரே வீட்டு எண், மூன்று வேறு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபி என்று நினைத்து சத்தியமங்கலத்தில் அதே எண்ணுள்ள வீட்டில் மூட்டையை இறக்கிவிட்டான் அந்தப் பையன். அதனால்தான் அட்ரஸை மூன்று தடவை பார்த்தும் தப்பு தெரியவில்லை. ஆனால் அந்த சத்தியமங்கலத்து வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது? பெரும்பாலும் அதே எக்ஸ்சேஞ்சிடம்தான்! இரண்டு வீட்டுக்கும் ஒரே சாவி. திறந்து எடுத்துத் தரலாம். அதற்கு ஓர் ஆளை உட்கார வைக்க வேண்டும், நேரம் செலவழிக்க வேண்டும். ‘முடியாது’ என்று அவர்கள் சொல்லும் பல இடங்களில் ‘எங்களுக்குக் கட்டுப்படியாகாது’ என்று படித்துக்கொள்ளுங்கள்.

முடியும் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமா? அமெரிக்காவின் காயின்பேஸ் 2022 டிசம்பரில் இதற்கென்றே ஒரு வசதியைக் கொண்டுவந்தது. தாங்கள் ஏற்காத டோக்கன்கள் பலவற்றை யாராவது தவறிப்போய் அனுப்பிவிட்டால் மீட்டுத் தருவார்கள். 100 டாலருக்கு மேல் போனால் 5 சதவிகிதக் கட்டணம். வாங்கிக்கொள்ளட்டுமே. நூறில் ஐந்து போய் தொண்ணூற்றைந்து வந்தால் என் நண்பன் பேக்கரியிலேயே கும்பிடு போடுவான்.

இல்லாவிட்டால் எதிராளியின் தயவுதான் கதி. 2023 செப்டம்பரில் பேக்ஸாஸ் என்ற அமெரிக்க நிறுவனம் சுமார் 2,000 டாலர் பிட்காயின் அனுப்பியது. சாஃப்ட்வேர் கோளாறில் அதற்கு அவர்கள் கட்டிய கட்டணம் 5 லட்சம் டாலர்! அந்தக் கட்டணம் போய்ச் சேர்ந்த இடம் தெரிந்ததால், பிச்சை கேட்காத குறையாகக் கேட்டுத் திரும்ப வாங்கினார்கள். நீங்களும் நானும் கேட்டால் யார் கொடுப்பார்கள்?

*

அடுத்து நம் சர்க்கார். இவர்களை விட்டால் பாவம்.

2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவிகித வரி. அதே வருஷம் ஜூலை முதல் விற்கும்போதெல்லாம் 1 சதவிகிதம் டி.டி.எஸ். ஒரு காயினில் நஷ்டமானால் இன்னொரு காயினின் லாபத்தில் கழித்துக்கொள்ள முடியாது. 2023 மார்ச்சில் எக்ஸ்சேஞ்சுகளைக் கருப்புப் பணத் தடுப்புச் சட்டத்தின் கீழே கொண்டுவந்தார்கள். நல்லது. ஆக, வரி வாங்க சர்க்காருக்கு இவர்களைத் தெரியும். வேவு பார்க்கவும் தெரியும். வாடிக்கையாளன் பணம் வழியில் நின்றுபோனால் மட்டும் ‘நீங்கள் யார்?’ என்று கேட்கும். வங்கி மீது புகார் சொல்ல ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் அவர் எல்லைக்குள் வராது.

காமர்ஸ் படித்தவன் என்கிற உரிமையில் கேட்கிறேன்: லாபத்தில் முப்பது பங்கு வாங்கிக்கொள்கிறவர் எங்கள் ஊர்ப் பக்கம் பங்குதாரர்தான். பங்குதாரர் என்றால் நஷ்டம் வரும்போதும் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

கோர்ட்டாவது ஒரு கதவைத் திறந்திருக்கிறது. வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் 2024 ஜூலையில் பெரும் திருட்டு நடந்தது. காயின்கள் முடங்கிப்போன சென்னை வாடிக்கையாளர் ஒருவர் வழக்குப் போட்டார். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ என்பது சொத்துதான், ஒருவர் வைத்துக்கொண்டு அனுபவிக்கக்கூடியது, இன்னொருவரிடம் நம்பிக்கையின் பேரில் ஒப்படைக்கக்கூடியது என்று தீர்ப்புச் சொன்னார். அப்படியானால், என் சொத்து உங்கள் சாவிக்கு உட்பட்ட வீட்டில் கிடக்கும்போது ‘பொறுப்பல்ல’ என்று சொல்ல நீங்கள் யார் என்று கேட்க இனி ஒரு பிடி இருக்கிறது. அந்த இ-மெயிலை அழிக்காதே, பத்திரமாக வை என்று நண்பன் மகனிடம் சொல்லியிருக்கிறேன்.

நான் கேட்பது மூன்றே மூன்று. புது அட்ரஸுக்கு முதல்முறை அனுப்பும்போது சின்னத் தொகை ஒன்று போய்ச் சேர்ந்து, சில மணி நேரம் கழித்துத்தான் பெரிய தொகை போக வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். தவறான நெட்வொர்க்கில் வந்த காயினை, சாவி தங்களிடம் இருக்கும் பட்சத்தில், இத்தனை நாளில், இவ்வளவு கட்டணத்தில் மீட்டுத் தர வேண்டும் என்று எக்ஸ்சேஞ்சுகளுக்கு விதி போடுங்கள். புகார் கேட்க ஓர் அதிகாரியை உட்கார வையுங்கள். வரி வாங்கும் கைக்கு இது பெரிய வேலை இல்லை.

*

சர்க்கார் இதைச் செய்வதற்குள் உங்கள் பணம் போய்விடக் கூடாது இல்லையா? கிரிப்டோ வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. என்னிடம் ஒரு காயினும் இல்லை. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், வீட்டில் பிள்ளைகள் வைத்திருக்கிறார்களா என்று தெரியாதவர்கள், இரண்டு பேருமே இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், மொத்தத்தையும் ஒரே தடவையில் அனுப்பாதீர்கள். பத்து டாலர் அனுப்புங்கள். அது எதிர்க் கணக்கில் வந்து, விற்கிற நிலையில் நிற்கிறதா என்று பாருங்கள். பச்சை டிக்கை நம்பாதீர்கள். அது ‘புறப்பட்டது’ என்பதற்குத்தான் அத்தாட்சி. இரண்டு தடவை கட்டணம் போகும். போகட்டும்.

இரண்டாவது, எந்த நெட்வொர்க் என்பதை வாங்கும் இடத்தில் பார்த்துவிட்டு அனுப்பும் இடத்தில் அதையே தேர்ந்தெடுங்கள். கட்டணம் எங்கே கம்மி என்று பார்க்காதீர்கள். எக்ஸ்.ஆர்.பி. மாதிரி சில காயின்களை எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும்போது அட்ரஸோடு ‘டேக்’ என்று ஓர் எண்ணும் கேட்பார்கள். அபார்ட்மென்ட்டில் கதவு எண் மாதிரி அது. விட்டுவிட்டால் வாட்ச்மேனிடமே நின்றுவிடும்.

மூன்றாவது, பழைய பரிமாற்றப் பட்டியலிலிருந்து அட்ரஸை காப்பி எடுக்கவே எடுக்காதீர்கள். முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும் உங்கள் அட்ரஸ் மாதிரியே இருக்கும்படி ஒரு போலி அட்ரஸை உருவாக்கி, அதிலிருந்து சொற்பக் காசு அனுப்பி, உங்கள் பட்டியலில் நுழைந்து காத்திருப்பான் திருடன். 2024 மே மாதம் ஒருவர் இப்படி ஒரே தட்டில் சுமார் 7 கோடி டாலரை விட்டார். உலகமே வேடிக்கை பார்த்ததால் திருடன் பேரம் பேசிப் பெரும்பகுதியைத் திருப்பினான். நம் நாலு லட்சத்துக்கு உலகம் வேடிக்கை பார்க்காது. அதனால் நடு எழுத்துகளையும் படியுங்கள். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

நான்காவது, அவசரத்தில் அனுப்பாதீர்கள். நகைக்கடைக்காரர் நாளைக்கு வந்தாலும் தருவார்.

கடைசியாக, பணம் மாட்டிக்கொண்டால் ‘மீட்டுத் தருகிறேன்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறவனை நம்பாதீர்கள். ரகசியச் சொற்களைக் கேட்பான். மிச்சமும் போய்விடும். யாராவது ஏமாற்றி அனுப்ப வைத்திருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

இதையெல்லாம் நண்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அமைதியாகக் கேட்டவன், பில்லைக் கொடுத்துவிட்டு எழுந்தான்.

“அந்தப் பத்து டாலர் சமாச்சாரத்தை அவனுக்கு யாரும் சொல்லித் தரலையே மாப்ளே. மண்டிக்கு வந்த மொத நாளே எனக்கு எங்கப்பா குத்தூசியத்தான் கையில குடுத்தாரு. நான் என் பையன் கையில செல்லை மட்டும் குடுத்திருக்கேன்.”

மகளின் கல்யாணம் தை மாதம். நகைக்கடைப் பாக்கிக்கு மண்டிக் கட்டடத்தின் பத்திரத்தை அடமானம் வைக்கப் போகிறானாம். அந்த நாலு லட்சத்து முப்பதாயிரம் இன்னும் செல்போனில் அப்படியே தெரிகிறது. பைசா குறையாமல்.